விரல் மடங்கினால் விதி என்பதா?

விருத்தாசலம் என்றால் பக்தருக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும்; பயணிக்கு இரயில் சந்திப்பு நினைவுக்கு வரும்; பாட்டாளிக்கு நினைவுக்கு வருவது பீங்கான்! அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் பியூஸ் கட்டையும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து ஊர் ஊராகப் போகின்றன. அச்சில் வார்ப்பதும், பிசிறு தேய்ப்பதும், வண்ணம் தீட்டுவதும் விரல்கள்தாம். அந்த விரல்களே இத்தொழிலாளியின் மூலதனம். அவை மடங்கிப் போனால்?

காலையில் கண் விழித்ததும் கை மடங்க மறுக்கிறது. ஒரு மணி நேரம் ஆனாலும் இறுக்கம் தளர்வதில்லை. இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்குகின்றன. "வயசாச்சு" என்கிறார் ஒருவர். "கிரகம் சரியில்லை" என்கிறார் இன்னொருவர். தைலமும் தாயத்தும் வலி ஊசியுமாக மாதங்கள் ஓடுகின்றன. மூட்டு அரிக்கப்படுகிறது, விரல் கோணுகிறது, வேலை போகிறது.

இது முடக்குவாதம். வயதினால் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலின் மூட்டுகளைத் தாக்கும் நோய். நடுத்தர வயதினரையும் இளைஞரையும்கூடப் பிடிக்கும். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கும். டில்லிக்கு அருகே கிராமங்களில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் உண்டு எனக் கண்டது.

பீங்கான் தொழிலாளி கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. களிமண்ணோடு சேரும் குவார்ட்ஸ் கல்லின் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது நாடறிந்தது. அத்தோடு அது நிற்பதில்லை. கல் தச்சரிடையே தோல் இறுகும் நோய் வருவதை 1914-இல் எடின்பரோ மருத்துவர் பிராம்வெல் எழுதினார். வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளரிடம் முடக்குவாதமும் நுரையீரல் கட்டிகளும் ஒன்றாக வருவதை 1953-இல் காப்ளன் கண்டார். சிலிக்காத் தூசி முடக்குவாத அபாயத்தைக் கூட்டுகிறது, புகைப்பவருக்கு இன்னும் கூட்டுகிறது எனப் பின்னாளைய ஆய்வுகள் உரைத்தன. தூசி ஒன்றே காரணம் என்று எவரும் கூறவில்லை. ஆயினும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இடம் பெற்றது. முடக்குவாதம் இடம் பெறவில்லை!

மருந்து இல்லையா? இருக்கிறது! மெத்தோட்ரெக்சேட் என்பது அதன் பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கதர் உடுத்தியதால் வெள்ளை அதிகாரியின் கோபத்துக்கு ஆளாகிக் கடல் கடந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்க ஆய்வகத்தில் வழிநடத்திய ஆராய்ச்சியின் விளைவு அது. விலை எளியது. ஆனால் வாரத்தில் ஒரே நாள்தான் விழுங்க வேண்டும். நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரத்தச் சோதனையும் மருத்துவர் கண்காணிப்பும் வேண்டும். முதல் சில மாதங்களுக்குள் தொடங்கினால் மூட்டைக் காக்கலாம். கோணிய விரலை மாத்திரை நிமிர்த்தாது.

அந்த நிபுணர் எங்கே இருக்கிறார்? சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1970-களிலேயே டாக்டர் ஏ. என். சந்திரசேகரன் முடக்குவாதத்துக்கெனத் தனித் துறை கண்டார்; தமிழ்நாட்டின் பெருமை அது. புதுவை ஜிப்மரிலும் துறை உண்டு. ஆனால் சென்னை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால்! ஒரு முறை போய் வந்தால் இரண்டு நாள் கூலி போச்சு. இந்நோய்க்கோ ஆண்டுக் கணக்கில் போக வேண்டும். இரண்டு தடவை போனவர் மூன்றாம் தடவை வலி மாத்திரையோடு நின்றுவிடுகிறார். அவரையா குறை கூறுவது?

எனவே நாம் கேட்பது இது: மருத்துவக் கல்லூரி நிபுணர் மாதம் ஒரு நாளேனும் விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரிக்கு வரட்டும். இரத்தச் சோதனையும் மருந்தும் இங்கேயே கிடைக்கட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வாசலில் மாத்திரை தந்தது. அதே வழி முடக்குவாதத்துக்கும் திறக்கட்டும்.

பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை, தொழிலாளர் காப்பீட்டின் கட்டாய வளையத்துக்கு வெளியே நிற்கிறது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலேயே ஒரு வாசகம் உண்டு: அபாயத் தொழில் என மத்திய அரசு அறிவித்தால் ஒரே தொழிலாளி உள்ள இடத்துக்கும் காப்பீடு உண்டு. சிலிக்காத் தூசி பறக்கும் வேலையை அவ்வாறு அறிவிக்கட்டும்! முதலாளிமார் ஈரம் தெளித்துத் தூசியை அடக்கட்டும். உறிஞ்சு விசிறி வைக்கட்டும்.

தோழர்களே! உங்கள் பங்கும் உண்டு. சூளையிலும் தெருவிலும் கேளுங்கள்: ஆறு வாரத்துக்கு மேல் விரல் வீக்கமும் காலை இறுக்கமும் உள்ளவர் யார் யார்? பெயரெழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பட்டியலே நம் கோரிக்கைக்குச் சாட்சி. விதி என்று சொல்லி வீட்டில் முடங்கியது போதும். உரிமை என்று சொல்லி வாசலில் நிற்போம்!