லாரிப் பட்டையும் மாங்காய்க் கத்தியும்

ஆனி மாதத்தில் சித்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாலையோரம் நெடுக டிராக்டர்களில் தோத்தாபுரி மாங்காய் குவிந்து நிற்கும். நாம் கிளிமூக்கு மாங்காய் என்போமே, அதுதான். பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகும். மிச்சம் பேருந்து நிலைய வாசலில், கீற்றுக் கீற்றாக நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கும் கூடைக்காரர்களிடம் வந்து சேரும். அடுத்த முறை மாங்காயை வாங்கும்போது, அவர்கள் கையில் இருக்கும் கத்தியையும் ஒரு கணம் பாருங்கள். கம்பெனி முத்திரை இருக்காது. அலகு கறுத்திருக்கும், பிடியில் துணி சுற்றியிருக்கும். ஆனால் ஒரே இழுப்பில் கொட்டை வரை இறங்கும். இரும்பறுக்கும் ரம்பமாகவோ லாரியைத் தாங்கிய ஸ்பிரிங் பட்டையாகவோ ஒரு காலம் உழைத்து, பழைய இரும்புக் கடைக்கு வந்து, பிறகு கத்தியான அலகுகள் இப்படி நம் சந்தைகளில் ஏராளம்.

கழித்துப்போட்ட இரும்பு கத்தியாகும் வழியில் உலோகவியலின் அடிப்படைப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கூர் வைப்பது யாருக்கும் எளிது. வைத்த கூர் நிலைக்க வேண்டுமே, அதுதான் வித்தை. அந்த வித்தை சாணைக்கல்லுக்கு வருவதற்கு முன்பே, உலையில் முடிந்துவிடுகிறது.

கொலிமியும் கொல்லுலையும்

சித்தூரும் திருப்பதியும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சீமை. 1911-இல் வட ஆற்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நாம் கொல்லுலை என்பதைத் தெலுங்கில் கொலிமி என்கிறார்கள். கொல்லருக்குக் கம்மரி என்று பெயர். நம் கம்மியரும் கம்மாளரும் உடனே நினைவுக்கு வருவார்கள். எஃகு அவர்களுக்கு உக்கு. விசாகப்பட்டினம் உருக்காலையை இன்றும் விசாக உக்கு என்றே சொல்கிறார்கள். நம் உருக்கும் அவர்களின் உக்கும் ஒரே குடும்பத்துச் சொற்கள். தென்னிந்திய எஃகை ஐரோப்பியர்கள் ‘ஊட்ஸ்’ என்று எழுதியதும் இந்த உக்கிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த எஃகின் இரகசியத்தை அறிய முயன்று 1819-இல் கட்டுரை எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சார ஆய்வால் உலகப் புகழ் பெற்ற அவர், பிறப்பால் ஒரு கொல்லரின் மகன்.

கொல்லர்களின் கை ஸ்பிரிங் பட்டைக்குப் பழகியது லாரியும் பஸ்ஸும் பெருகிய பிறகுதான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்போன ஊர். அங்கேயும் அரிவாளாவது வண்டிகளின் ஸ்பிரிங் பட்டைதான். பட்டறைக்காரர்கள் அதைப் பட்டா என்பார்கள்.

எந்த இரும்பு கத்தியாகும்?

இரும்பில் கலந்திருக்கும் கரியின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கட்டடத்துக்குப் போடும் கம்பியில் கரி 0.3 சதவீதத்தைத் தாண்டாது. அதைத் தட்டிக் கத்தி வடிவம் கொண்டுவரலாம். தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து ஏற்றும் கடினம்) ஏறாது, நாலு தக்காளி நறுக்குவதற்குள் வாய் மழுங்கிவிடும். ஸ்பிரிங் பட்டையில் கரி 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். இந்திய லாரிகளின் பட்டைகள் பலவற்றில் சிலிக்கன் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சேர்ந்திருக்கும். எத்தனை முறை வளைந்தாலும் பழைய நிலைக்கு நிமிரும் குணம் இந்தச் சேர்க்கையால் வருகிறது. அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் வேண்டியது இந்த முறியாத உறுதிதான். அரத்தில் கரி ஒரு சதவீதத்துக்கும் மேல்; கூர் அபாரமாக நிற்கும், கீழே போட்டால் உடையும். பால் பேரிங்கின் வளையத்திலும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கரி உண்டு, கூடவே ஒன்றரை சதவீதம் குரோமியம்.

லேத்துப் பட்டறையில் இரும்புத் தண்டுகளை அறுக்கும் பவர் ஹாக்ஸா பிளேடு தனி ரகம். டங்ஸ்டன், மாலிப்டினம் போன்ற உலோகங்கள் சேர்ந்த அதிவேக எஃகு அது. 500 டிகிரி சூட்டிலும் கடினம் இழக்காது. அதனால் உலையே தேவையில்லை. பல் தேய்ந்த பிளேடைச் சாணையில் பிடித்து வடிவம் கொடுத்தாலே கத்தி ஆகிவிடும். செருப்புத் தைப்பவர்கள் தோல் சீவவும் கூடைக்காரர்கள் மாங்காய் நறுக்கவும் இதை விரும்புவது இதனால்தான். ஓங்கி வெட்டினால் மட்டும் தாங்காது, முறிந்துவிடும்.

பழைய இரும்புக் கடையில் எந்தத் துண்டிலும் சீட்டு ஒட்டியிருக்காது. கொல்லர் அதைச் சாணையில் ஒரு கணம் பிடித்துப் பொறியைப் பார்ப்பார். கரி குறைந்த இரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடி அணையும். கரி மிகுந்த எஃகின் பொறி, மத்தாப்புப் போல நுனியில் கிளை கிளையாக வெடிக்கும். அதிவேக எஃகின் பொறி மங்கிய சிவப்பில் குட்டையாக விழும். அடுத்தது ஓசை. பட்டையைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மலைப்பாதையிலும் மேடுபள்ளத்திலும் இலட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம். உடைந்து கழித்த பட்டையில் முறிவுக்குப் பக்கத்திலிருக்கும் துண்டை எடுக்கக் கூடாது. சத்தம் கரகரத்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

காய்ச்சி அடித்தல்

லாரிப் பட்டையின் கனம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கு மேல். சமையல் கத்தியின் முதுகுக்கு 3 மில்லிமீட்டர் போதும். ஆகவே உலையில் வைத்துத் துருத்தியை ஊதி, ஆரஞ்சு நிறம் ஏறியதும் குறட்டால் பிடித்துப் பட்டடைமேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். இப்போது பல பட்டறைகளில் துருத்தியின் இடத்துக்கு மின்விசிறி வந்துவிட்டது. நிறம் மங்கிச் செம்மை மறையும்போது அடியை நிறுத்திவிட வேண்டும். ஆறிய எஃகை அடித்தால் வெடிப்பு விழும். வெள்ளைச் சூடு ஏறி நட்சத்திரம் தெறித்தாலும் கேடுதான், எஃகு தீய்ந்துவிட்டது என்று பொருள். அலகும் காம்பும் வந்தவுடன் மறுபடி செஞ்சூடாக்கிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுவார்கள். மெல்ல ஆறும் எஃகு இளகிக் கிடக்கும். மறுநாள் அரம் அதில் வெண்ணெயாகப் பிடிக்கும். வாய்ப்பக்கத்தை அப்போதே முழுக்கக் கூராக்கிவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனமாவது விட்டுவைக்க வேண்டும். மெலிந்த விளிம்பு தோய்ச்சலில் கோணும், கீறும்.

தோய்ச்சல்: கத்தி பிறக்கும் நொடி

இனிதான் உயிரான கட்டம். அலகைச் சீராகச் செஞ்சூடாக்கி ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தின் பிடியிலிருந்து விடுபடும். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் சூடு, அதாவது 850 டிகிரி அளவு ஏறும்போது, எஃகின் அணு அடுக்கு மாறிக் கரி அணுக்கள் அதற்குள் கரைந்துவிடும். அந்த நொடியில் சட்டென்று குளிர்வித்தால் வெளியேற வழியின்றிக் கரி உள்ளேயே சிறைப்படும். அடுக்கு இறுகி, அரமும் வழுக்கும் அளவு கடினமாகும். பாடநூல்கள் இந்த நிலையை மார்ட்டன்சைட் என்கின்றன. கொல்லர் மொழியில் தோய்ச்சல்.

தண்ணீரில் தோய்த்தால் குளிர்ச்சி மிக வேகமாக இறங்கும், ஸ்பிரிங் எஃகு கீறல் விடக்கூடும். எண்ணெய் நிதானமானது. சித்தூர் நிலக்கடலை விளையும் பூமி. பலகாரம் சுட்டு மிஞ்சிய கடலை எண்ணெயே போதும். அதை 50 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டால் இன்னும் சீராகக் குளிர்விக்கும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அலகின்மேல் ஆவிப்படலம் நின்று சூடு வெளியேறுவதைத் தடுத்துவிடும்.

தோய்த்து எடுத்த அலகு கண்ணாடி மாதிரி. கைதவறி விழுந்தால் இரண்டாகும். அதன் முறுக்கைத் தணிக்க வேண்டும். சுத்தமாகத் தேய்த்து மெல்லச் சூடேற்றினால் எஃகின்மேல் ஆக்சைடு படலம் வளர்ந்து நிறம் காட்டும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். சமையல் கத்திக்கு வைக்கோல் மஞ்சளில் நிறுத்தலாம். ஓங்கி வெட்டும் கொடுவாளுக்குப் பழுப்பு தாண்டி ஊதா வரை போகலாம். பழைய கொல்லர்கள் இரண்டு வேலையையும் ஒரே சூட்டில் முடிப்பார்கள். வாயை மட்டும் முக்கி எடுப்பார்கள். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி நகரும். நிறம் வந்ததும் முழுதாக முக்குவார்கள். வெப்பமானி இல்லாமல், கண்ணையே கருவியாகக் கொண்டு செய்யும் வேலை இது. வீட்டில் முயல்பவர்களுக்கு மின் அடுப்பு எளிது: 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறியபின் மீண்டும் ஒரு மணி நேரம்.

பிடியும் பூணும்

கத்தியைக் கை பிடிக்கிற இடத்தில் சிக்கனம் கூடாது. சித்தூர் வட்டாரத்தில் எங்கும் கிடைக்கும் புளியமரத்தின் வைரம் நல்ல பிடி தரும், வேம்பும் சரிதான். பழைய சைக்கிள் குழாயில் ஒரு வளையம் அறுத்தால் பூண் தயார். பூண் இல்லாத பிடி பிளந்துவிடும். சேஷாசல மலையின் செம்மரத்தில் பிடி செய்யலாமா என்று ஆசைப்பட வேண்டாம். அது சட்டம் காக்கும் மரம், வெட்டுவதும் கடத்துவதும் குற்றம்.

கறுப்பு ஏன் வருகிறது?

இந்தக் கத்தியால் மாங்காயோ வாழைக்காயோ நறுக்கினால் அலகு நீலக்கறுப்பாகும். பலர் துரு என்று பயப்படுவார்கள். காயிலிருக்கும் துவர்ப்புப் பொருளான டானின், இரும்போடு கூடிக் கறுப்பாகிறது. இதே வேதியியலை ஒரு கலையாகப் பார்க்க வேண்டுமா, திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்குப் போங்கள். அங்கே கலம்காரிக்காரர்கள் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு வாரத்துக்கு மேல் புளிக்கவிடுகிறார்கள். கடுக்காய்ச் சாறும் பாலும் ஏற்றிய துணியில் அந்தக் கரைசலால் கோடு இழுத்ததும் அது கறுக்கிறது. புராணக் காட்சிகளின் கறுப்பு வரைகோடும் மாங்காய்க் கத்தியின் கறுப்பும் ஒன்றே. படிந்த கறுப்பு அலகைத் துருவிலிருந்து ஓரளவு காக்கவும் செய்யும். கழுவியவுடன் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிவைத்தால் போதும்.

முயல்வோர் கவனத்துக்கு

நாகம் பூசிய இரும்பை உலையில் வைக்காதீர்கள். 907 டிகிரியில் நாகம் கொதித்து ஆவியாகும். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். கண்ணாடி இல்லாமல் சாணையருகே நிற்காதீர்கள். எண்ணெயில் தோய்க்கும்போது தீ எழலாம், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்டவாளத் துண்டும் ரயில் ஸ்பிரிங்கும் மலிவாகக் கிடைத்தாலும் கணக்கில்லாமல் வாங்கக் கூடாது. ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்றே செய்த கருவியை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. செய்பவரின் நோக்கமும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கட்டும்.

எஃகைப் புதிதாக உருக்க மலையளவு நிலக்கரி எரிகிறது. ஏற்கெனவே உருக்கிச் சுத்தம் செய்த எஃகு நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. அதைப் பொறியாலும் ஓசையாலும் நிறத்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடினால் அந்தப் படிப்பும் மூடிப்போகும். புத்தகத்தில் எழுதி மீட்கக்கூடிய கல்வி அல்ல அது. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது ஒரு கொல்லரிடம் கத்தி வாங்குங்கள். மழுங்கினால் எறியாமல் அவரிடமே கொண்டுபோய்த் தோய்ச்சல் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளையையும் கூட அழைத்துப் போய், உலை முன்னால் நிறுத்தி, எஃகு நிறம் மாறுவதைக் காட்டுங்கள்.