மையைக் காயவிடாதீர்கள்

பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர், ஆழ்வார்திருநகரிக் கவிராயர்களின் வீடுகளுக்கும் வந்தார். 1889இல் நூல் வெளிவந்தது. அத்தனை பழைய ஏடுகளைப் படிக்க முடிந்ததற்குக் கரிதான் காரணம். எழுத்தாணியால் கீறிய ஓலையில், இலைச்சாற்றில் குழைத்த விளக்குக்கரியைத் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் கரி தங்கிவிடும். ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் மக்கச் செய்யும். கரி மட்டும் வெளுக்காது.

இன்று அதே ஊரின் ஜெராக்ஸ் கடையில் பட்டா நகலும் ஹால் டிக்கெட்டும் அடித்துத் தரும் இங்க்ஜெட் பிரிண்டரில், பிக்மென்ட் வகைக் கறுப்பு மை இருந்தால் அதிலும் நிறம் தருவது கரித்தூள்தான். ஆனால் அந்தக் கார்ட்ரிட்ஜின் அட்டைப்பெட்டியில் ஒரு காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். கரி கெடாது என்றால் எது கெடுகிறது?

கெடுவது ஈரம். கார்ட்ரிட்ஜ் மையில் பெரும்பங்கு தண்ணீர். சீக்கிரம் உலராமலிருக்கக் கிளிசரின் போன்ற பொருள்களையும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். மை வெளியேறும் நாசில் துளை தலைமுடியைவிட மெல்லியது. கேனான், ஹெச்பி வீட்டு பிரிண்டர்களில், துளைக்குப் பின்னால் ஒரு நுண்ணிய சூடேற்றி கண்ணிமைப்பதற்குள் மையைக் கொதிக்கவைக்கிறது. எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. எப்சன் பிரிண்டரில் சூடு இல்லை, மின்சாரத்தில் நெளியும் படிகம் அந்த வேலையைச் செய்கிறது. துளியின் அளவு சில பிகோலிட்டர், அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு. இவ்வளவு சிறிய வாயில் தண்ணீர் ஆவியாகிவிட்டால், எஞ்சும் நிறமி அடைப்பாகிவிடும். ஓலையில் காய்ந்துதான் நிலைத்தது அந்தக் கரி. இங்கே காகிதத்தைத் தொடுமுன் காயவே கூடாது.

பிரிக்காத கார்ட்ரிட்ஜ் பொதுவாக இரண்டு வருடம் தாங்கும். பிரித்துப் பொருத்தினால் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மலிவாகக் கிடைக்கிறதென்று நான்கைந்து வாங்கி, சித்திரை வெயிலில் தகிக்கும் தகரக் கூரைக்கடியில் அடுக்குவது பணத்தைக் கொட்டுவதுதான். ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டாம். மை உறைந்தால் கெட்டது. வெயில் படாத அலமாரியில், உறை பிரிக்காமல் இருந்தால் போதும்.

நான் பார்த்தவரை, கார்ட்ரிட்ஜைக் கொல்வதில் முதலிடம் சுவர் சுவிட்சுக்குத்தான். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால், நாசில்கள் இருக்கும் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் அமர்ந்துகொள்ளும். சுவரில் அணைத்தால் நின்ற இடத்திலேயே வாய் திறந்து கிடக்கும். அச்சிடும்போது கரண்ட் போனாலும் இதே கதிதான். கரண்ட் வந்ததும் பிரிண்டரை ஒருமுறை இயக்கி, பொத்தானாலேயே அணையுங்கள். வாரம் ஒருமுறை எல்லா வண்ணமும் வரும்படி ஒரு பக்கம் அடித்தால் பாதிப் பிரச்சினை வராது.

அடைத்துவிட்டால் நாசில் செக் போட்டுப் பாருங்கள். எந்தக் கோடு விட்டுவிட்டு வருகிறதோ அந்த நிறம் அடைத்திருக்கிறது. ஹெட் கிளீனிங்கை இரண்டு மூன்று முறைக்கு மேல் ஓட்டாதீர்கள். அதுவும் மையைத்தான் குடிக்கிறது; கழிவு மையை உறிஞ்சும் பஞ்சும் நிறைந்துவிடும். பிரிண்டரை அணைத்து ஓர் இரவு விட்டால் பல அடைப்பு தானே இளகும். ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ் என்றால், நூல் பிரியாத துணியைப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நாசிலை ஒற்றுங்கள். வண்ணக் கார்ட்ரிட்ஜில் மூன்று நிறமும் தனித்தனிக் கோடாகத் துணியில் இறங்கினால் அடைப்பு விட்டது. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பும் நாசிலில் படியும். செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் விரல் படக் கூடாது. மை தீர்ந்த பின்னும் அடித்துக்கொண்டே இருந்தால், குளிர்விக்க மை இல்லாமல் சூடேற்றி கருகிவிடும்.

லேசர் பிரிண்டரின் டோனர் வெறும் பொடி, உலர்வதற்கு அதில் எதுவும் இல்லை. கடற்காற்றின் ஈரம் புகாமல் உறையிலேயே வைத்தால் போதும். மாதம் பத்துப் பக்கம்கூட அடிக்காத வீட்டுக்கு இங்க்ஜெட் வாங்காதீர்கள். கறுப்பு மட்டும் போதுமென்றால் லேசர் வாங்குங்கள். வண்ணத்துக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். அங்கே மை காய நேரமே இருக்காது.