கட்டும்போது கும்பிடு! கேட்கும்போது கைவிரிப்பு!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு கத்தைக் காகிதம். முகத்தில் ஒரு மாதச் சோர்வு.

தவணையில் 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர் அவர். "கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தான் அண்ணே! மேலே 2,500 ரூபாய் கட்டிடுங்க, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார் கடைக்காரர். தோழர் கட்டினார். இருபதாவது மாதம் திரையில் கோடு விழுந்தது. பிறகு பாதித் திரை இருண்டது.

கடைக்குப் போனார். "விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது" என்றார்கள். பெட்டியைச் செய்த கம்பெனியைக் கேட்டார். "எங்கள் வாரண்டி ஓராண்டோடு சரி" என்றார்கள். சீட்டில் இருந்த மூன்றாவது கம்பெனிக்குப் பேசினார். பத்து நாள் கழித்து வந்த மெக்கானிக், பெட்டியைத் திறந்தும் பார்க்காமல், "அடிபட்ட திரை, வாரண்டி கிடையாது" என்று எழுதிவிட்டுப் போனார்.

மூன்று வாசல், மூன்றிலும் பூட்டு! தவணைக்காரன் மட்டும் மாதம் தவறாமல் வருகிறான்!

நாம் கேட்கிறோம்: இது வியாபாரமா, வழிப்பறியா?

கூடுதல் வாரண்டி என்பது தானமல்ல, தோழர்களே! காசு கொடுத்து வாங்கிய தனிச் சரக்கு. பெட்டியைச் செய்தவர் ஒருவர், கூடுதல் பொறுப்பை ஏற்றவர் வேறொருவர் என்பது பல நேரங்களில் சீட்டைப் படித்தால்தான் தெரியும். அடிபட்டால் இல்லை, மின்னழுத்தம் ஏறினால் இல்லை, பூச்சி புகுந்தால் இல்லை என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல்லில் அவை இரா. பணம் கட்டுமுன் அதைப் படியுங்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டியாகிவிட்டதா? கலங்க வேண்டாம். ரசீதையும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பழுதைப் படம் பிடியுங்கள். மெக்கானிக் எழுதியதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் மன்றாடுவதை நிறுத்தி, கடைக்கும் இரண்டு கம்பெனிகளுக்கும் எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1986இல் பிறந்த நுகர்வோர் சட்டம், 2019இல் புதிதாக இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கம்பெனியின் தலைமையகம் எந்த நகரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குத் தொடுக்கலாம். இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். பழுதை நீக்கவும், புதுப்பெட்டி தரவும், பணத்தைத் திருப்பவும், நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. மூன்று மாதம், பொருளைச் சோதிக்க வேண்டுமானால் ஐந்து மாதம் என்று சட்டம் கெடு விதிக்கிறது. நடைமுறையில் இழுத்தடிப்பு உண்டு, மறைக்கவில்லை நாம்.

இந்த இழுத்தடிப்பில்தான் அவர்கள் லாபமே அடங்கியிருக்கிறது! ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகும். பத்து நாள் அலைந்தால் தொழிலாளி சலித்துப்போவான், "தொலையட்டும்" என்று விடுவான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் தோழரின் துணைவியாரும் அதைத்தான் சொன்னாராம்: "போனா போகுது, விட்டுடுங்க."

விடக் கூடாது! விட்டுவிட்ட ஒவ்வொரு சீட்டும் அவர்கள் கல்லாவில் விழுந்த காசு.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிளைதோறும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். இணையத்தில் மனுப் போடத் தெரிந்த இளைஞர் போடட்டும். தனியாளாய் நின்றவரைத் தள்ளிவிட்டார்கள்; நாலு பேர் துணையோடு போகிறவரைத் தள்ளுவது எளிதல்ல.

லேத் தோழரின் கடிதங்கள் மூன்றும் பதிவுத் தபாலில் போய்விட்டன. அடுத்த சீட்டு யாருடையது? கொண்டு வாருங்கள்!