காரியம் செய்யாவிட்டால் உயிர் அலையுமா? கருட புராணம் சொல்லும் 86,000 யோசனை பயணத்தின் கணக்கு

புனேயில் முத்தா ஆற்றங்கரையில் இருக்கிறது ஓங்காரேஷ்வர் கோயில். பேஷ்வாக்கள் காலத்துச் சிவன் கோயில். அதை ஒட்டிய படித்துறைக்குக் காலையில் போனால் ஏதாவது ஒரு குடும்பம் பத்தாம் நாள் காரியம் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மராத்தியில் 'தசக்ரியா' என்பார்கள். பிண்டத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். காக்கா வர வேண்டும். வந்து தொட்டால் இறந்தவருக்கு மனக்குறை எதுவும் இல்லை என்று நம்பிக்கை. வரவில்லை என்றால், 'தங்கச்சி கல்யாணத்தை நான் பார்த்துக்கறேன்', 'கடனை அடைச்சிடறோம்' என்று ஒவ்வொருவராக வாக்குக் கொடுப்பார்கள். அப்போதும் வராவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஒரு காக்கா செய்து, அதைத் தொட வைத்துச் சடங்கை முடிப்பார்கள். மகேஷ் மஞ்ச்ரேகர் இயக்கி 2012ல் வந்த 'காகஸ்பர்ஷ்' என்ற மராத்திப் படத்தின் முடிச்சே இந்தக் காத்திருப்புதான்.

புனேயில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவருக்கு இந்தக் காத்திருப்புகூடக் கிடைக்கவில்லை. 2021 ஏப்ரலில், கோவிட் இரண்டாவது அலையில் அவருடைய அப்பா இறந்தார். தகனம் நடந்தது, அவ்வளவுதான். வீட்டில் மற்றவர்களும் காய்ச்சலில் படுத்திருந்ததால் பத்து, பன்னிரண்டு, பதிமூன்று என்று எந்த நாளும் நடக்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு வாட்ஸ்அப் தகவல் வந்தது. காரியம் செய்யப்படாத உயிர் பாதி வழியில் நின்றுவிடும், கருட புராணம் சொல்கிறது என்று. 'அப்பா இன்னும் வழியிலேயே நிக்கிறாரா?' என்று என்னிடம் கேட்டார்.

இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எப்போதாவது எழுந்திருக்கலாம். அந்தப் புத்தகம் உண்மையில் என்னதான் சொல்கிறது?

எந்தக் கருட புராணம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கருட புராணம் பெரிய நூல். அதில் வைத்தியம், ரத்தினப் பரிசோதனை எல்லாம்கூட வரும். துக்க வீட்டில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் 'சாரோத்தாரம்' எனப்படும் 16 அத்தியாயச் சுருக்கம். நௌநிதிராமர் என்பவர் தொகுத்தது. 1911ல் எர்னஸ்ட் உட், சுப்பிரமணியம் இருவரும் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். கருடன் கேட்க, விஷ்ணு பதில் சொல்வதாக நூல் அமைந்திருக்கிறது.

நண்பருக்கு வந்த தகவல் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பிண்டம் கிடைக்காத உயிர் ஆளில்லாத காட்டில் யுகக் கணக்கில் அலையும் என்று முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. ஆனால் அதே நூல் தொடர்ந்து என்னென்ன சொல்கிறது என்பதை அந்தத் தகவலை எழுதியவர் சொல்லவில்லை.

நூலின்படி பயணம் இப்படிப் போகிறது. எரிந்துபோன உடலுக்குப் பதிலாக, பத்து நாள் பிண்டத்தால் ஒரு முழ உயரத்தில் புது உடல் உருவாகிறது. முதல் நாள் தலை, இரண்டாம் நாள் கழுத்தும் தோளும், மூன்றாம் நாள் நெஞ்சு என்று இறங்கி, ஒன்பதாம் நாளுக்குள் பாதம் வரை வந்துவிடும். பத்தாம் நாள் உருவாவது உறுப்பு இல்லை, பசியும் தாகமும். பதினொன்று, பன்னிரண்டாம் நாள்களில் அந்த உயிர் சாப்பிடுகிறது. பதிமூன்றாம் நாள் எமதூதர்கள் கட்டி இழுத்துப் போகிறார்கள்.

எமலோகத்துக்கு 86,000 யோசனை தூரம். வைதரணி ஆறு இந்தக் கணக்கில் சேராது. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 247 யோசனை நடக்க வேண்டும். வழியில் சௌம்யம் தொடங்கி 16 ஊர்கள்.

எண்களைப் பார்த்தால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது, தொழில் அப்படி. ஒரு யோசனையைச் சுமார் 13 கிலோமீட்டர் என்று வைத்தால், மொத்த தூரம் பதினோரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். நிலவுக்குப் போவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் 86,000ஐ 247ஆல் வகுத்தால் 348 நாள் வருகிறது. புறப்படுவதற்கு முன்னால் கழிந்த 12 நாளைக் கூட்டினால் 360.

360 என்பது பழைய நூல்களில் ஓர் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் எண். சதபத பிராமணம் ஆண்டுக்கு 360 இரவு, மனித உடலுக்கு 360 எலும்பு என்று இரண்டையும் இணைத்துப் பேசுகிறது. சரக சம்ஹிதையும் எலும்புகள் 360 என்கிறது. அதனால் இந்தத் தூரம் ஆண்டுக் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போடப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் ஓர் ஆண்டு துக்கம், அதே ஓர் ஆண்டு அங்கே நடை.

உடலே கிடைக்கவில்லை என்றால்?

கடலில் போனவர், வெளியூரில் இறந்து உடல் கிடைக்காதவர் ஆகியோருக்கு என்ன செய்வது என்ற கேள்வி பழைய காலத்திலேயே இருந்திருக்கிறது. 360 பலாச இலைக் காம்புகளை மனித உருவில் அடுக்கி, அதற்கே தகனம் செய்து காரியத்தைத் தொடங்கலாம் என்கிறது கருட புராணத்தின் பிரேத காண்டம். இங்கேயும் அதே 360. ஆக, சம்பவம் நடந்து நாளாகிவிட்டது, உடலைப் பார்க்கவில்லை என்பதால் கதவு மூடிவிட்டது என்று அந்த நூலே சொல்லவில்லை.

கோவிட் காலத்து அரசு விதிகளும் சடங்கை முழுக்கத் தடுக்கவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உடலைக் குளிப்பாட்டுவது, கட்டிக்கொள்வது, முத்தமிடுவது கூடாது. தொடாமல் மந்திரம் சொல்லலாம், நீர் தெளிக்கலாம். சாம்பலால் ஆபத்து இல்லை, வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இதை நிதானமாக எடுத்துச் சொல்ல அப்போது யாருக்கு நேரம் இருந்தது?

ஒரு வருடம் எப்படி 12 நாளானது?

'பிரேதம்' என்ற நிலையிலிருந்து 'பித்ரு' என்ற நிலைக்கு இறந்தவரை மாற்றும் சடங்குதான் சபிண்டீகரணம். இறந்தவரின் பிண்டத்தை அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பிண்டங்களோடு சேர்ப்பார்கள். பழைய விதிப்படி இது ஆண்டு முடிவில் நடக்க வேண்டும். இன்று புனேயிலும் சரி, தமிழ்நாட்டு பிராமணர் வீடுகளிலும் சரி, பன்னிரண்டாம் நாளே முடிந்துவிடுகிறது.

அவசர காலத்து ஆள்கள் சுருக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு வருடம், ஆறு மாதம், மூன்று பட்சம், பன்னிரண்டாம் நாள் என்று நூல்களே சலுகை தருகின்றன. சாரோத்தாரம் காரணமும் சொல்கிறது: குலக் கடமைகளுக்கு முடிவில்லை, மனிதன் ஆயுள் குறைவு, உடலும் நிலையில்லை, அதனால் பன்னிரண்டாம் நாளே நல்லது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. செய்கிறவருக்கும் உயிர் நிச்சயமில்லை, ஒரு வருடம் தாங்குவாரோ என்னவோ என்று நூலே யோசித்திருக்கிறது.

இந்த மாற்றங்களை எல்லாம் ஒரே இடத்தில் படிக்க வேண்டுமானால் அதுவும் புனேயில்தான். பாண்டுரங்க வாமன் காணே எழுதிய 'தர்மசாஸ்திர வரலாறு' நூல்வரிசையை, இங்கே 1917ல் தொடங்கிய பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. 1953ல் வந்த நான்காம் தொகுதியில் ஈமச்சடங்கும் சிராத்தமும் இருக்கின்றன. காணேவுக்கு 1963ல் பாரத ரத்னா கிடைத்தது.

பன்னிரண்டாம் நாளே பித்ரு ஆகிவிட்டவர் மேலும் 348 நாள் எதற்காக நடக்க வேண்டும்? இரண்டு கடிகாரமும் பொருந்தவில்லைதான். நூல் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. சபிண்டீகரணம் முடிந்தாலும் மாதாமாதம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று கடந்து போய்விடுகிறது.

நாள் கணக்கும் எல்லோருக்கும் ஒன்றில்லை. தீட்டு நாள்களை மனுஸ்மிருதி வர்ணப்படி 10, 12, 15, ஒரு மாதம் என்று பிரித்தது. தமிழ்நாட்டில் பல சமூகங்களில் பதினாறாம் நாள்தான் கருமாதி. யாருடைய உயிர் எந்தக் கணக்கில் போகிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

நரகம் 21ஆ, 28ஆ?

'அந்நியன்' (2005) பார்த்தவர்களுக்குக் கருட புராணம் என்றாலே கும்பீபாகம், அந்தகூபம், கிருமிபோஜனம்தான். சாரோத்தாரம் முக்கிய நரகங்கள் 21 என்கிறது. பாகவத புராணத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் 28. படத்தில் வரும் மூன்று பெயர்களும் இந்த இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் இந்தப் பயங்கரம் குறைந்துகொண்டே வரும். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் எமன் தண்டிப்பவர் இல்லை. முதலில் இறந்து, மற்றவர்களுக்கு வழி கண்டவர். நான்கு கண் கொண்ட இரண்டு நாய்கள் வழியில் காவல் இருக்கின்றன, அவ்வளவுதான். சாந்தோக்யம், பிருகதாரண்யகம் ஆகிய உபநிடதங்களில் தேவர் வழி, பித்ரு வழி என இரண்டு பாதை, அவை கிடைக்காதவர்களுக்குச் சிற்றுயிர்ப் பிறவி. கீதையில் பழைய துணியை மாற்றுவது போல உடலை மாற்றுகிறது உயிர். இவை எதிலும் 16 ஊர் இல்லை, 247 யோசனையும் இல்லை.

உடனே மறுபிறவி என்றால் நாம் வைக்கும் பிண்டம் யாருக்கு? இந்தக் கேள்விக்கு மச்ச புராணம் பதில் வைத்திருக்கிறது. அப்பா தேவராகியிருந்தால் அது அமுதமாகும், மாடாகப் பிறந்திருந்தால் புல்லாகும்.

யார் செய்யலாம், யாருக்குக் கொடுக்கலாம்?

வழியில் வரும் துன்பங்களையும் செய்யச் சொல்லும் தானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெயிலுக்குக் குடை, முள்ளுக்குச் செருப்பு, வைதரணியைத் தாண்டப் பசு. வாங்கிக்கொள்பவர் பிராமணர். இந்த ஏற்பாட்டை எதிர்த்த ஜோதிராவ் புலே 1873ல் புனேயில் தொடங்கிய சத்யசோதக் சமாஜம், புரோகிதர் இல்லாமலே சடங்குகளை நடத்தியது. பிறகு இதே ஊரின் ஞான பிரபோதினி, சாதி பார்க்காமல் ஆண், பெண் இரு பாலருக்கும் புரோகிதப் பயிற்சி கொடுத்தது.

மகன்தான் செய்ய வேண்டும் என்பதற்கும் சாரோத்தாரத்தில் விலக்கு உண்டு. மகன் இல்லாவிட்டால் 'வதூ', பிறகு உடன்பிறந்தவர், சீடர், உறவினர் என்று வரிசை போகிறது. வதூ என்றால் மனைவியாகவும் இருக்கலாம், மருமகளாகவும் இருக்கலாம்.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். தவறிப்போன காரியத்தைப் பின்னால் செய்ய வழி இருக்கிறது, திதி தெரியாதவர்களுக்குக்கூட மகாளய அமாவாசை இருக்கிறது என்றேன். அந்த வருடம் மகாளய பட்சத்தில் அவரும் அவருடைய அம்மாவும் சேர்ந்து பிண்டம் வைத்தார்கள். காக்கா வந்ததா என்று கேட்டேன். 'எங்க வந்துச்சு, புனேல புறாத் தொல்லைதான் ஜாஸ்தி. அம்மா ரெண்டு தடவ விரட்டிட்டு, அப்புறம் சரி, தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க' என்றார்.