வெயிலைக் கணக்கில் கொண்ட தோட்டா

மேக்னம் வேட்டைத் தோட்டா என்றதும் வேகம்தான் பலர் நினைவுக்கு வருகிறது. ஆனால் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இல் வெளியிட்ட .375 மேக்னத்தின் பெருமை, அழுத்தத்தை அடக்கி வைத்ததில் இருக்கிறது. தோட்டாவில் நிரப்பப்பட்ட அன்றைய வெடிமருந்து கார்டைட்: நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கலந்த இழை. நீலகிரியின் அருவங்காடு தொழிற்சாலை அதைத் தயாரிக்கவே உருவானது. மருந்து சூடேறினால் வேகமாக எரியும். குழலுக்குள் அழுத்தம் ஏறும். லண்டன் குளிரில் ஒழுங்காக வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு, மலாயா வெயிலில் துப்பாக்கி அறையில் இறுகிச் சிக்கிக்கொள்ளலாம். எதிரே காயம்பட்ட காட்டெருமை நிற்கையில் அது உயிர்ப் பிரச்சினை. .375இன் கூடு நீளமாகச் சரிந்து குறுகுவதால் எளிதில் வெளிவருகிறது; அடியிலுள்ள பட்டை அதை அறையில் சரியான இடத்தில் நிறுத்துகிறது.

இன்றைய மருந்துகள் வெப்பத்துக்கு அவ்வளவு அசைவதில்லையே, தோட்டாவில் மருந்தைக் கையால் அளந்து நிரப்புவோர் துல்லியமாகத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வெப்பத்தின் விளைவு குறைந்திருக்கிறது, மறையவில்லை. குளிர்நாட்டுச் சோதனையில் உச்ச அளவைத் தொட்ட நிரப்பு, மூடிய காரில் கிடந்த பிறகு எல்லை மீறலாம். துப்பாக்கியைச் செம்மைப்படுத்துவதிலும் இதே நியாயம்தான்: குண்டுகள் நெருங்கி விழும் மிதமான நிரப்பு, கூடுதல் வேகத்தைவிட மேலானது. மலேசியாவில் தோட்டாவைக் கையால் நிரப்புவது வீட்டுப் பொழுதுபோக்கும் அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்.