வீரபாண்டி ரோடும் பத்து நொடியும்

போன ஆடி மாசம் ஒரு சாயங்காலம், தேனியிலிருந்து வீரபாண்டிக்குச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு தனியார் பேருந்து என்னை ரோட்டை விட்டே இறக்கிவிட்டது. இடிக்கவில்லை, உரசவும் இல்லை. ஒரு சாண் இடைவெளியில் தாண்டிப் போனது, அவ்வளவுதான். நான்தான் தடுமாறி, முன்சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்க, முழங்கை தேய விழுந்தேன். வலது பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பதிவு இருந்திருக்காது.

2021-இல் சென்னையை விட்டு ஊருக்கு வந்தவன் நான். வேலை அதே மென்பொருள் வேலைதான். வீட்டில் சத்தம் அதிகம் என்று தேனியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, அங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. இதுவரை இது என் பிரச்சினை மட்டும்தான். இந்த வருஷம் மகள் பிளஸ் ஒன். அரசு சைக்கிள் வரும். (2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, சில வருஷங்களில் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் எல்லா பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம்.) "அப்பா, நானும் உங்ககூடவே அந்த ரோட்டுல வர்றேன்" என்கிறாள். சரி என்பதா, வேண்டாம் என்பதா? அதற்காகத்தான் இவ்வளவு யோசனையும்.

விழுந்த மறுநாள் கோபம் குறையாமல் தேனி பேருந்து நிலையத்தில் காத்திருந்து அந்த வண்டியைப் பிடித்தேன். டிரைவர் ஸ்டீயரிங் மேல் துண்டைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "நேத்தா? எந்த இடத்துல சார்?" என்றார். நடிப்பு இல்லை, உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. என்னைக் கொல்லப் பார்த்தவன் என்று ராத்திரி முழுக்க நான் திட்டிய மனுஷனின் மனசில் நான் இருக்கவே இல்லை. அப்புறம் அவரே சொன்னார்: "எனக்கும் முன்னாடி வண்டிக்கும் நடுவுல கொஞ்ச நிமிஷம்தான் சார். நான் லேட்டானா ஸ்டாப்புல நிக்கிற ஆளைப் பின்னாடி வர்றவன் ஏத்திக்குவான். எங்க படியே கலெக்‌ஷனைப் பொறுத்துத்தான்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நான் போகும் பகுதி இருவழிச் சாலை. இந்த மாதிரி சாலைக்கு வழக்கமான தார் அகலம் 7 மீட்டர். பேருந்தின் அகலம் 2.6 மீட்டர் வரை. எதிரே இன்னொரு பேருந்து வந்தால் இரண்டும் சேர்ந்து 5.2. நடுவில் அரை மீட்டர், அந்தப் பக்க ஓரத்தில் 30 சென்டிமீட்டர். மொத்தம் 6 மீட்டர் போச்சு. மிச்சம் ஒரு மீட்டர். நான் விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறேன், ஹேண்டில்பார் 60. மிஞ்சுவது 20 சென்டிமீட்டர். அதே ஒரு சாண்! ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்பது விதி. எதிரே வண்டி வரும்போது நம் ரோட்டில் அது கணக்கிலேயே வராது. பின்னால் வருபவர் காத்திருந்தால்தான் உண்டு.

காத்திருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து, 18-இல் போகும் எனக்குப் பின்னால் 6 நொடி நிற்கிறது என்று வையுங்கள். 100 மீட்டர் போக வேண்டிய நேரத்தில் 30 மீட்டர்தான் போகும். மறுபடி வேகம் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் பத்து நொடிக்குள். ஒரு சைக்கிளுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் வழியில் பத்து சைக்கிள் இருந்தால் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போய்விடும். நிமிஷக் கணக்கில் ஓடுகிறவருக்கு அது கலெக்‌ஷன். அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் இது என் மேல் உள்ள கோபம் இல்லை, அவருடைய சம்பளம். கம்பம், போடி பக்கம் விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளும் இப்படித்தான், நடைக்கணக்கில் ஓடுபவை.

இதில் காற்று வேறு. நம்ம பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று சைக்கிள்காரருக்குத் தனிப் பாடம். சாயங்காலம் நான் தெற்கே போகிறேன், காற்று வலது பக்கம். என்னை அறியாமலே காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டுகிறேன். பேருந்து பக்கத்தில் வந்ததும் அது காற்றை மறைத்துவிடும். தள்ளிக்கொண்டிருந்த கை திடீரென்று இல்லாமல் போன மாதிரி, சைக்கிள் வலப்பக்கம், அதாவது பேருந்தின் பக்கமே சாயும். பதறி இடப்பக்கம் வெட்டினால் மண். அன்று நடந்தது இதுதான். காலையில் வடக்கே போகும்போது காற்று இடது பக்கம், அது நேராகவே வண்டிகளின் பக்கம் தள்ளும். ஆடியில் ஒரு சாண் என்பது ஒரு சாண்கூட இல்லை.

இனி, புத்தகங்கள் சொல்லும் தீர்வு. இங்கிலாந்தின் ஜான் ஃபிராங்க்ளின் எழுதிய 'சைக்கிள்கிராஃப்ட்' ஓரத்தில் ஒடுங்காதே என்கிறது. தாண்ட இடமில்லாத இடத்தில் லேனின் நடுவில் போ, பின்னால் வருபவருக்குச் சந்தேகமே வராது. நான் இதைப் பாலத்தின் மேலும் கடைவீதியிலும் செய்கிறேன், வேலை செய்கிறது. ஹாரன் அடிப்பார்கள். நம்ம ஊரில் ஹாரன் திட்டு இல்லை, "வர்றேன்" என்ற தகவல். ஒரு கையைத் தூக்கி "தெரியும், இருங்க" என்று காட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள். மண் கெட்டியாக உள்ள இடம் வந்ததும் ஒதுங்கி, போகச் சொல்லிக் கை காட்டுகிறேன். பத்து நொடியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் இந்தப் புத்தகங்களுக்குத் தெரியாத ஒன்று இங்கே உண்டு. எதிர்த்திசையில் ஒருவன் டிராக்டரைத் தாண்டுவதற்காக என் பாதியில் நேராக என்னைப் பார்த்து, லைட்டை மினுக்கிக்கொண்டு வருவது. அவன் 80, நான் 18. நொடிக்கு 27 மீட்டர் நெருங்குகிறோம். அங்கே உரிமை பேச நேரமில்லை, மண்ணில் இறங்க வேண்டியதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிமீறி முந்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் மண்ணில் கிடக்கும்போது நம்பர் பிளேட்டைப் படிக்க முடியாது.

பளிச்சென்ற பச்சை ஜாக்கெட் போட்டால்? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் என்ற உளவியலாளர், சைக்கிளில் மீயொலி உணரி பொருத்தி, வண்டிகள் எவ்வளவு தள்ளிப் போகின்றன என்று அளந்தார். 2,300-க்கும் மேற்பட்ட வண்டிகள். (அளந்துகொண்டிருந்தபோதே ஒரு பேருந்தும் ஒரு லாரியும் அவரை இடித்தன!) ஓரத்திலிருந்து தள்ளிப் போகப் போக வண்டிகள் இன்னும் நெருக்கமாகப் போயின என்றது அந்த ஆய்வு. ஃபிராங்க்ளினுக்கு நேர் எதிர். எனக்குத் தோன்றுவது, தாண்ட இடமிருக்கும் இடத்தில் வாக்கர், இல்லாத இடத்தில் ஃபிராங்க்ளின். 2014-இல் வெளியான அடுத்த ஆய்வில் விதவிதமான உடுப்புகளைப் போட்டுப் பார்த்தார். போலீஸ் என்று எழுதிய மேலாடைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. என்ன போட்டாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வண்டிகள் 50 சென்டிமீட்டருக்குள் போயின. அதற்காக ஜாக்கெட்டும் பின் விளக்கும் வீண் இல்லை, கார்த்திகையில் இருட்டியபின் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசையாகப் போகும்போது பார்க்கவாவது படுவோம். ஆனால் அந்த ஒன்றிரண்டை உடுப்பு மாற்றாது.

முதல் ஆய்வில் வாக்கர் நீளமுடி விக் வைத்தும் ஓட்டியிருக்கிறார். பின்னாலிருந்து பெண் என்று நினைத்தவர்கள் சராசரி 14 சென்டிமீட்டர் கூடுதலாக விலகியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் மகள் சிரித்தாள். நம்ம ரோட்டில் பெண் பிள்ளையைப் பார்த்து விலகுபவர்களும் உண்டு, வேண்டுமென்றே பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்கும் பைக் பையன்களும் உண்டு. சராசரியை வைத்து அவளை அனுப்ப முடியாது.

இப்போதைக்கு ஒத்துக்கொண்டது இதுதான்: ஆனி, ஆடி முடியும் வரை அவள் பஸ்ஸில் போவாள். அதற்கப்புறம் முதல் மாசம் நான் பின்னால் வருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இப்போதே பழகுகிறோம், பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றில். போன வாரம் அவள் பின்னால் வந்தாள். பழனிசெட்டிபட்டியில் டீக்கு நின்றபோது சொன்னாள்: "நீங்க கண்ணாடியைப் பாக்குறப்ப எல்லாம் சைக்கிள் வலப்பக்கமா போகுதுப்பா."

இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை. கண்ணாடியை ஒரு விரல் உள்பக்கம் தள்ளி மாட்டியிருக்கிறேன். வரும் ஞாயிறு மறுபடி அவளைப் பின்னால் வரச்சொல்லிப் பார்க்க வேண்டும்.