விசைப்பலகைக்குப் பின்னால் ஓர் அறிவியல் ஆலோசகர்

கிள்ளானில் ஒரு மாணவர் தட்டச்சு செய்து அனுப்பும் தமிழ்க் கட்டுரையைச் சென்னையில் உள்ளவர் எழுத்துச் சிதைவின்றிப் படிக்கிறார். இன்று இது இயல்பான செயல். 1990களிலோ மென்பொருளுக்கு மென்பொருள் எழுத்துக் குறியீடும் விசைப்பலகையும் வேறுபட்டன. ஒருவர் எழுதியதைப் படிக்க, அவர் பயன்படுத்திய அதே எழுத்துரு மற்றவரிடமும் இருத்தல் வேண்டும். இந்நிலையை மாற்ற முன்னின்றோருள் ஒருவர் முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன்.

வாணியம்பாடியில் 1928இல் பிறந்த இவர், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். பின்னர் வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகராகவும் ஐக்கிய நாடுகள் அவையிலும் பணியாற்றினார். 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். தமிழ்நாட்டு அரசுக்குத் தகவல் தொழில்நுட்ப ஆலோசகராகவும் தொண்டாற்றினார்.

துணைவேந்தர் தம் நிறுவனத்துக்கு ஆணையிடலாம். ஆலோசகருக்கு அவ்வதிகாரம் இல்லை. தமிழ்க் கணிமையிலோ, தமிழ்நாட்டு அரசே ஆணையிட்டாலும் மலேசிய, சிங்கப்பூர், இலங்கை வல்லுநர்களை அது கட்டுப்படுத்தாது. எனவே உடன்பாடு ஒன்றே வழியாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழிணையம் 99' மாநாட்டை அவர் முன்னின்று நடத்தினார். பல நாட்டு வல்லுநர்களும் அங்கே கருத்து மோதினர். அதன் பயனாக, 'தமிழ்99' விசைப்பலகையும் இரு குறியீட்டு முறைகளும் அவ்வாண்டிலேயே அரசின் ஏற்பைப் பெற்றன. அடுத்த ஆண்டு தோன்றிய உத்தமம் அமைப்பின் முதல் தலைவரும் அவரே. 2001இல் தமிழிணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

அக்குறியீட்டு முறைகள் பின்னர் யூனிகோடுக்கு இடம் விட்டன, விசைப்பலகை நிலைத்தது. காரணம், அது தமிழ் எழுத்தின் இயல்பைத் தழுவியது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் உள்ளன. மெய்க்குரிய விசையை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே அமையும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகளே போதும்.

ஆயினும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளால் எழுத்துக்கூட்டித் தட்டும் பழக்கமே நம் மாணவரிடையே மிகுதி. தரப்பாட்டை உருவாக்குவது அறிஞர் கடன். அதை விரல்களுக்குப் பழக்குவது வகுப்பறையின் கடன். ஆனந்தகிருஷ்ணன் 2021இல் மறைந்தார். அவர் தலைமுறை தன் பங்கைச் செய்து முடித்தது. எஞ்சிய பங்கு ஆசிரியர்களாகிய நம்முடையது.